பிரான்செஸ்கா கச்சினியின் 1618 பாட்டுப் புத்தகம்: பழைய அச்சிலிருந்து ஒரு பாட்டைப் பாடிப் பார்த்தோம்

பிரான்செஸ்கா கச்சினி என்று தேடினால் எங்கே பார்த்தாலும் ஒரே வரிதான் வருகிறது: ஓபரா எழுதிய முதல் பெண். அந்த ஓபரா 1625 பிப்ரவரி 3 அன்று, பிளோரன்ஸை ஒட்டிய போஜ்ஜோ இம்பீரியாலே மாளிகையில், போலந்து இளவரசர் விளாடிஸ்லாவ் வந்திருந்தபோது நடந்தது. பெண் ஒருவர் எழுதி இன்றும் கிடைக்கிற ஓபராக்களில் அதுதான் மிகப் பழையது. பெரிய விஷயம்தான். ஆனால் அந்த ஒரு வரி அவருடைய மற்ற வேலையை மூடி மறைத்துவிட்டது என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். அதற்கு ஏழு வருடம் முன்பே, 1618ல், பிளோரன்ஸில் ஸனோபி பிஞ்ஞோனி என்பவரின் அச்சகத்தில் அவருடைய பாட்டுப் புத்தகம் ஒன்று வெளிவந்தது. தனிக்குரலுக்கு 32 பாட்டுகள், சோப்ரானோவும் (பெண்களின் உச்சக் குரல்) பாஸும் (ஆண்களின் தாழ்ந்த குரல்) சேர்ந்து பாட 4. முதல் பகுதி பக்திப் பாட்டுகள், இரண்டாவது பகுதி உலகியல் பாட்டுகள். இத்தாலிய சானெட்டும் (பதினான்கு வரிக் கவிதை) மாட்ரிகலும் (கட்டு குறைந்த சின்னக் கவிதை) உண்டு, லத்தீன் துதிகளும் உண்டு, துள்ளலான சின்னச் சின்னக் கன்சொனெத்தாக்களும் உண்டு. பிளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் அரசவைக்கு அவர் எழுதிய நாடக இசையில் பெரும்பகுதி தொலைந்துபோய்விட்டது. அவர் இருக்கும்போதே அச்சாகி முழுசாகக் கிடைப்பவை இந்தப் புத்தகமும் அந்த ஓபராவும்தான்.

ஓபராவைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் இந்தப் பாட்டுகளை அப்பாவின் பாணியில் மகள் எழுதியவை என்று ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்கள். அது சரியா என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட ஒரு பாட்டை எடுத்து அடியிலிருந்து செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். பழைய அச்சின் ஸ்கேனிலிருந்து நோட்டேஷனைப் படியெடுப்பது, கீழே இருக்கும் பாஸ் வரிக்குக் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) அமைப்பது, அந்தக் காலத்துச் சுருதியில் கீபோர்டை வைப்பது, பாடுகிறவரோடு உட்கார்ந்து அலங்காரங்களைப் பழகுவது, பதிவு செய்வது. பாடியது என் தோழி. மேற்கத்திய முறையில் குரல் பயிற்சி பெற்றவள், பாடகர் குழுவில் சோப்ரானோ. கீபோர்டும் படியெடுப்பும் என் பொறுப்பு.

பிரான்செஸ்கா யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 1587 செப்டம்பர் 18ல் பிளோரன்ஸில் பிறந்தவர். அப்பா ஜூலியோ கச்சினி, பாடகர், இசையமைப்பாளர், புகழ்பெற்ற ஆசிரியர். அம்மா லூச்சியாவும் பாடகி, தங்கை செத்திமியாவும் பாடகி. வீடே ஒரு பாட்டுக் குழு மாதிரி இயங்கியது. 1607ல் மெடிச்சி அரசவையின் சம்பளப் பட்டியலில் சேர்ந்தார். 1610 கடைசியில் இசையமைப்பாளர் மோன்தெவெர்தி எழுதிய ஒரு கடிதத்தில், பிளோரன்ஸில் ஜூலியோவின் மகள் நன்றாகப் பாடுகிறார், கூடவே தந்தி வாத்தியங்களும் ஹார்ப்சிகார்டும் வாசிக்கிறார் என்று குறிப்பிடுகிறார். தானே வாசித்துக்கொண்டு தானே பாடுகிறவர் எழுதிய இசை இது. கன்டினுவோ, அதாவது பாஸ் வரியின் மேல் கார்டுகளை நிரப்பிக் குரலுக்குத் துணையாக வாசிப்பது, அதற்கு உட்கார்ந்தபோது இந்தத் தகவல் என் கைக்கு ரொம்பவே உதவியது.

பக்திப் பகுதியிலிருந்து "மரியா, தோல்சே மரியா" என்ற மாட்ரிகலை எடுத்துக்கொண்டோம். ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சின்னக் கவிதை. மரியாவின் பெயரைச் சொல்வதில் இருக்கும் இனிமைதான் பொருள். உன் பெயரையே எப்போதும் பாடுகிறேன், என் நெஞ்சிலிருந்து இதைவிட மகிழ்ச்சியான சொல்லை என் நாவால் எடுக்க முடியாது, எல்லா வேதனையையும் ஆற்றும் பெயர் இது என்று போகிறது. பாடுவதைப் பற்றியே ஒரு பாட்டு என்பதால் அவர் குரலை எப்படி நினைத்தார் என்பதை இதில் நன்றாகப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதல் வேலை படியெடுப்பு. அந்தக் கால அச்சில் குரல் வரி இன்று நாம் பழகிய டிரெபிள் கிளெஃபில் (கிளெஃப் என்பது எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் குறி) இருக்காது. சி கிளெஃப் கீழ்க்கோட்டில் இருக்கும், அதாவது ஐந்து கோடுகளில் அடிக்கோடுதான் நடு சி. ஒரு பக்கம் படித்தால் கண் பழகிவிடும். ஷார்ப் குறி (அரைச்சுரம் ஏற்றுவது) அது நிற்கும் நோட்டுக்கு மட்டும்தான். இன்று போல பார் முடியும் வரை செல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, பிளாட்டை (அரைச்சுரம் இறக்குவது) நீக்க இன்று நாம் போடும் நேச்சுரல் குறி பெரும்பாலும் இருக்காது, அதற்கும் ஷார்ப்பையே போடுவார்கள். பி பிளாட் உள்ள பாட்டில் பி மேல் ஒரு ஷார்ப் வந்தால் அது வெறும் பி. மியூஸ்ஸ்கோர் என்ற நோட்டேஷன் மென்பொருளில் ஏற்றும்போது இதையெல்லாம் இன்றைய குறிக்கு மாற்றினேன். கிளெஃபையும் மாற்றினேன். நோட்டுகளின் கால அளவை மட்டும் தொடவே இல்லை. பாதியாகக் குறைத்து எழுதினால் இன்றைய கண்ணுக்கு வசதிதான், ஆனால் நீண்ட வெள்ளை நோட்டுகளுக்கும் திடீரென்று கொட்டும் சிறிய நோட்டுகளுக்கும் இடையில் தாளில் தெரியும் அந்த வேறுபாடு போய்விடும். பாடுகிறவருக்கு அந்த வேறுபாடு கண்ணில் பட வேண்டும்.

ஒவ்வொரு நோட்டும் தனி அச்செழுத்து என்பதால் வேகமான ஓட்டங்களில்கூட நோட்டுகளின் வால்கள் தனித்தனியாக நிற்கும். இன்றைய நோட்டேஷனில் நான்கு நான்காக மேலே பட்டை போட்டுக் கட்டிவிடுவோம். அப்படிக் கட்டினால் பாடுகிறவர் தன்னை அறியாமல் ஒவ்வொரு கட்டின் முதல் நோட்டிலும் லேசாக அழுத்துவார். கட்டாமல் விட்டால் ஓட்டம் ஒரே நீளமாகத் தெரியும், எங்கே போய் இறங்குகிறது என்பதுதான் கண்ணுக்கு முதலில் படும். தோழிக்கு இரண்டு வடிவங்களையும் அச்செடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பாடிப் பார்த்துவிட்டு, "கட்டாததையே குடு, இதுலதான் மூச்சு எங்க எடுக்கணும்னு தெரியுது" என்றாள்.

படியெடுக்கும்போது என்னை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வைத்தது நோட்டுகளுக்குக் கீழே இருக்கும் எழுத்து. எந்த அசை எந்த நோட்டில் விழ வேண்டும் என்பதில் இந்தப் புத்தகம் காட்டும் அக்கறை அசாதாரணம். அந்தக் கால அச்சில் சொற்களை வரிக்குக் கீழே சுமாராகப் பரப்பிவிட்டு, பாடுகிறவர் பொருத்திக்கொள்ளட்டும் என்று விடுவது சகஜம். இங்கே ஓட்டம் எந்த உயிரெழுத்தில் ஓட வேண்டும், அடுத்த அசைக்கு எங்கே வாய் மாற வேண்டும் என்பதெல்லாம் முடிவுசெய்யப்பட்டிருக்கிறது. பாடிப் பாடி, பிறருக்குச் சொல்லிக்கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். பிரான்செஸ்கா அரசவையில் பெண்களுக்குப் பாட்டு கற்றுக்கொடுத்தவர் என்பதையும் சேர்த்து யோசித்தால் இது பாடம் நடத்தும் கையின் எழுத்து என்றே எனக்குப் படுகிறது.

அடுத்தது சொற்கள். இசையைத் தொடும் முன் கவிதையைச் சத்தமாகப் படித்தே சில மாலைகள் போயின. இத்தாலிய மாட்ரிகல் வரிகள் ஏழு அசையும் பதினொரு அசையுமாகக் கலந்து வரும். அசை எண்ணும்போது அடுத்தடுத்து வரும் உயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதைப் படிக்கும்போதே நாக்குக்குப் பழக்கினால்தான் பாடும்போது வரியின் ஓட்டம் கெடாது.

தமிழ் வாய்க்கு இத்தாலியனில் ஒரு வசதியும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. வசதி இரட்டை மெய்கள். "இன்ஃபியாம்மி", "அஃபான்னோ" போன்ற சொற்களில் மெய்யை இரட்டித்து நிறுத்த ஆங்கிலம் பேசி வளர்ந்த பாடகர்கள் படாத பாடு படுவார்கள். அம்மா, பாட்டு, பத்து என்று பேசி வளர்ந்த நமக்கு அது தானாகவே வருகிறது. தொல்லை, மூக்கொலிக்குப் பின் வரும் வல்லினம். நாம் "ந்த" என்று எழுதினால் தகரம் மெலிந்துதான் ஒலிக்கும், பந்து, தந்தம் என்பதுபோல. இந்தக் கவிதையிலோ "தான்தோ", "சான்தோ", "கான்தோ" என்று மூன்று வரிகள் அந்த ஒலியிலேயே எதுகை கட்டி முடிகின்றன. மூன்றிலும் தகரம் கறாராக, காற்றில்லாமல், பல்லில் பட்டு ஒலிக்க வேண்டும். மெலிந்தால் அந்த எதுகை மழுங்கிவிடும். நகரத்தையும் தகரத்தையும் பிரித்து, நடுவில் ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் மெல்ல மெல்ல நெருக்கிச் சொல்லிப் பழகினாள் தோழி. பாட்டின் பெரிய ஓட்டம் "கான்தோ" என்ற சொல்லில்தான் வருகிறது. பாடுகிறேன் என்று சொல்கிற இடத்தில் குரல் நீண்டு ஓடுகிறது. அந்த ஓட்டம் "கா" என்ற உயிரில் ஓடி முடிந்து "தோ" என்று இறங்கும்போது தகரம் தெளிவாக இருந்தால்தான் சொல் முழுசாகக் காதில் விழும்.

சுருதிதான் இந்த வேலையிலேயே எனக்கு அதிக சந்தோஷம் தந்தது. இன்றைய கீபோர்டில் பன்னிரண்டு அரைச்சுரங்களும் சம இடைவெளியில் இருக்கும். 1618ல் இத்தாலியக் கீபோர்டுகள் மீன்டோன் முறையில் இருந்தன. அதன் கால் கமா என்ற வகையில் மேஜர் தேர்ட் (சியிலிருந்து இ வரை போன்ற இடைவெளி) சுத்தமாக இருக்கும், 386 சென்ட் (இன்றைய அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). இன்றைய சமச் சுருதியில் அது 400 சென்ட், அதாவது நன்றாகவே தூக்கல். அந்தச் சுத்தத்துக்கு விலையாக ஒவ்வொரு ஃபிஃப்த்தும் (சியிலிருந்து ஜி வரை போன்ற இடைவெளி) சுத்தமான 702 சென்டிலிருந்து ஐந்தரை சென்டுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கி 697 ஆகும். சுற்றின் கடைசியில் ஜி ஷார்ப்புக்கும் இ பிளாட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி 738 சென்டில் ஊளையிடும். அதைத் தொடாமல் எழுதுவதுதான் அந்தக் காலத்து வழக்கம்.

பல டிஜிட்டல் பியானோக்களில் மீன்டோன் என்று ஒரு தேர்வு இருக்கிறது. மெனுவில் உள்ளே போய்ப் பார்த்தால் கிடைக்கும். எனக்கு எந்த நோட் எங்கே நிற்கிறது என்று கட்டுப்பாடு வேண்டும் என்பதால் கணினியில் ஹார்ப்சிகார்ட் சாம்பிள்களை ஏற்றி, ஒவ்வொரு நோட்டுக்கும் சென்ட் அளவு கொடுத்து அமைத்துக்கொண்டேன். பிளாட் பக்கம் இ பிளாட், பி பிளாட். ஷார்ப் பக்கம் எஃப் ஷார்ப், சி ஷார்ப், ஜி ஷார்ப். இவ்வளவுதான் கறுப்புக் கட்டைகள். டி ஷார்ப் கிடையாது, ஏ பிளாட் கிடையாது.

வைத்துவிட்டு ஒரு ஜி மேஜர் கார்டைப் பிடித்தேன். அப்படியே அசையாமல் நின்றது. சமச் சுருதியில் எப்போதும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் அந்த நடுக்கம் இல்லை. பாட்டின் மெதுவான பகுதிகளில் கீழே கார்டு மாறாமல் நிற்க, மேலே குரல் மட்டும் பேசுவதுபோல் நகர்வதை அவர்கள் ஏன் விரும்பினார்கள் என்பது அந்த நிமிடம் புரிந்தது. அப்படி நிற்கும் ஒலியின் மேல் குரலில் வரும் சின்ன மாற்றம்கூடத் தெரியும். மேலே குரல் ஒரு டிஸ்ஸனன்ஸில் (கார்டோடு சேராத சுரத்தில்) போய் நின்றால் உடம்பிலேயே உறுத்துகிறது. அது தீரும்போது கிடைக்கும் ஆறுதலும் அதே அளவு. சமச் சுருதியில் இந்தப் பாட்டைக் கேட்டு "எளிமையாக இருக்கிறது" என்று தள்ளிவிட்டவர்கள் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து.

தோழிக்கு இது சுலபமாக இருக்கவில்லை. முடிவுச் சுரத்துக்கு ஏறும் அரைச்சுரத்தை, எஃப் ஷார்ப்பிலிருந்து ஜிக்குப் போவதுபோன்ற இடத்தை, மேலே தள்ளிப் பாட வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மீன்டோனில் நிலைமை நேர் எதிர். எஃப் ஷார்ப் தாழ்ந்து நிற்கிறது, அங்கிருந்து ஜிக்கு 117 சென்ட் தூரம். மேலே தள்ளிப் பாடினால் கீழே இருக்கும் சுத்தமான தேர்டோடு உரசும். இதற்கு ஒரே வழி, டி மேஜர் கார்டை நீளமாகப் பிடித்துக்கொண்டு அவளை எஃப் ஷார்ப்பில் நிறுத்திவைப்பது. உரசல் அடங்கும் வரை மெல்ல இறங்கி வர வேண்டும். காது ஒருமுறை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் தானாகவே அங்கே போய் உட்காருகிறது. குரல் அதிர்வையும் இதே பயிற்சி குறைத்துவிட்டது. சுரத்தைச் சுற்றி அகலமாக அதிர்ந்தால் அந்தச் சுத்தமே கேட்காது என்பதால் அதிர்வைக் குறை என்று நான் சொல்லும் அவசியமே வரவில்லை.

எந்த உயரத்தில் பாடுவது என்ற கேள்வியும் இங்கேயே வந்தது. அப்பா ஜூலியோ 1602ல் வெளியிட்ட தன் பாட்டுப் புத்தகத்தின் முன்னுரையில், முழுக்குரலில், இயல்பான குரலில் பாட முடிகிற சுருதியைப் பாடுகிறவர் தேர்ந்துகொள்ள வேண்டும் என்கிறார். அன்றைய இத்தாலியில் ஊருக்கு ஊர் சுருதி வேறு. வெனிஸ் பக்கம் உயரம், ரோமில் தாழ்வு. ஆகவே ஏ என்ற சுரம் என்றால் 440 ஹெர்ட்ஸ் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. ஆனால் மீன்டோனில் சும்மா ஒரு சுரம் இறக்கி வாசித்துவிட முடியாது. ஜி மைனர் மாதிரி இருக்கும் ஒரு பாட்டை ஒரு முழுச்சுரம் இறக்கி எஃப்பில் வாசித்தால் ஏ பிளாட் வேண்டும், அது கீபோர்டிலேயே இல்லை. அதனால் கைகள் எழுதியபடியே வாசிக்கட்டும், வாத்தியத்தின் மொத்தச் சுருதியும் இறங்கட்டும் என்று ஏவை 415க்கும், பிறகு 392க்கும் இறக்கிப் பார்த்தோம். 415ல் தோழியின் குரல் பேச்சுக்கு மிக அருகில் வந்தது. அதையே வைத்துக்கொண்டோம்.

இனி கன்டினுவோ. தாளில் இருப்பது ஒரு பாஸ் வரி, அங்கங்கே எண்களும் ஷார்ப் குறிகளும். மீதியை வாசிக்கிறவர் நிரப்ப வேண்டும். எண் இல்லாத இடத்தில் குரலின் நோட்டைப் பார்த்துதான் கார்டை முடிவு செய்ய வேண்டும். இதற்கு எனக்குப் பெரிய துணை, 1607ல் அகோஸ்தினோ அகஸ்ஸாரி எழுதிய சிறு வழிகாட்டி. பாடுகிறவர் பாடும் மேல்சுரத்தை வாத்தியத்தில் திரும்ப வாசிக்காதே, மேலே ஏறாதே, ஒலியைக் கீழேயே நெருக்கமாக வை என்பது அதன் சாரம். முதலில் இது எனக்கு ரொம்பக் கட்டுப்பெட்டியாகத் தோன்றியது. ஹார்ப்சிகார்டில் வலது கை மேலே போனால் பளிச்சென்று இருக்குமே! இரண்டு விதமாகவும் பதிவு செய்து கேட்டேன். வலது கை நடு சியைச் சுற்றியே கிடந்த பதிவில் குரல் முன்னால் வந்து நின்றது, சொற்கள் தெளிவாக விழுந்தன. மேலே ஏறிய பதிவில் காது இரண்டு பக்கமும் அலைந்தது.

இதற்கு வாத்தியத்தின் அமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. ஜூலியோ தன் முன்னுரையில் குரலுக்குத் துணையாகப் புகழ்வது கித்தர்ரோனே என்ற நீண்ட கழுத்துள்ள பெரிய லூட் என்ற தந்தி வாத்தியத்தை. அதில் முதல் இரண்டு தந்திகளும் ஒரு ஸ்தாயி தாழ்த்திக் கட்டப்பட்டிருக்கும். நீளமான தந்தி என்பதால் வழக்கமான உயரத்துக்கு முறுக்கினால் அறுந்துவிடும். ஆகவே மூன்றாவது தந்திதான் எல்லாவற்றிலும் உச்சம். அது நடு சிக்குக் கீழே உள்ள பி. எந்தக் கார்டைப் பிடித்தாலும் ஒலி ஆண்குரல் உயரத்திலேயே திரண்டு நிற்கும், மேலே குரலுக்கு இடம் தானாகத் திறந்திருக்கும். பிரான்செஸ்கா தானே வாசித்துக்கொண்டு பாடியபோது கையில் இருந்தது இந்த மாதிரி வாத்தியங்கள்தான். அதனால் ஹார்ப்சிகார்டிலும் என் வலது கையை அந்த எல்லைக்குள் அடக்கினேன். கட்டிய பாஸ் நோட்டுகள் வரும் இடங்களில் பாஸைத் திரும்பத் தட்டாமல் மேல் கார்டை மட்டும் மாற்றினேன். இதுவும் ஜூலியோவின் முன்னுரையில் உள்ள குறிப்புதான்.

ஒத்திகையில் ஓரிடத்தில் தோழி, "இங்க நீ கார்டை வச்சிட்டு கையை எடுத்துடு, நான் என் போக்குல போயிட்டு வரேன்" என்றாள். அதுதான் அப்பா கச்சினி ஸ்ப்ரெஸ்ஸதூரா என்று சொன்ன விஷயம். தாளத்துக்குள் கட்டுப்படாமல், பேசுகிறவர் வேகத்தில் குரல் போக வேண்டும், பாஸ் காத்திருக்க வேண்டும். படித்து மட்டும் தெரிந்திருந்த சொல் இது. பாடுகிறவர் வாயிலிருந்தே தேவையாக வந்தபோதுதான் கையில் பிடிபட்டது.

அலங்காரங்களுக்கு வருவோம், இந்தப் புத்தகத்தின் மதிப்பே அங்கேதான் இருக்கிறது. 1602 முன்னுரையில் ஜூலியோ இரண்டு பயிற்சிகளைத் தருகிறார். ஒன்று த்ரில்லோ. ஒரே சுரத்தை "ஆ" என்ற உயிரில், தொண்டையால் திரும்பத் திரும்பத் தட்டி எழுப்புவது. மெதுவாகத் தொடங்கி, இரட்டித்து இரட்டித்து வேகமாகி, ஒரு நீண்ட நோட்டில் போய் நிற்கும். இன்று ட்ரில் என்றால் நினைவுக்கு வருகிற, இரண்டு சுரம் மாறி மாறி வருவது இதுவல்ல. அதற்கு அவர் சொல்லும் பெயர் க்ருப்போ. அது இரண்டாவது பயிற்சி. இந்த முறையில்தான் தன் முதல் மனைவிக்கும், பிறகு இப்போதைய மனைவிக்கும் மகள்களுக்கும் கற்றுக்கொடுத்ததாக அவரே எழுதுகிறார். அந்தப் புத்தகம் வந்தபோது பிரான்செஸ்காவுக்கு 14 வயது. நாங்கள் மெட்ரோனோம் வைத்துப் பழகிய அதே பயிற்சியில் வளர்ந்த குரல் அவருடையது.

பழகும்போது கவனிக்க வேண்டியது, வயிற்றால் தள்ளக் கூடாது. ஒவ்வொரு தட்டுக்கும் வயிறு குதித்தால் வேகம் ஒரு எல்லைக்கு மேல் போகாது, சுரமும் ஏறி இறங்கும். தொண்டையை இறுக்காமல், மூச்சைச் சீராக விட்டுக்கொண்டே, அடக்கிச் சிரிக்கும்போது தொண்டையில் நிகழும் அந்த மெல்லிய அசைவைப் பிடித்துக்கொண்டு அதை நிதானப்படுத்த வேண்டும். குரல் மெலிதாக இருந்தால்தான் வரும், முழு வலுவில் பாடும் ஓபராக் குரலில் வராது. கர்நாடக சங்கீதம் பாடிப் பழகியவர்கள் இதில் இறங்கினால் கம்பிதம் போல சுரத்தை மேலும் கீழும் அசைக்கத் தோன்றும். இதில் சுரம் நகரவே கூடாது.

எஸ்க்லமாஸியோனே என்று இன்னொன்று உண்டு. நீண்ட நோட்டைத் தொட்டவுடன் குரலைக் கொஞ்சம் தளர்த்தி, அப்புறம் உயிர் கொடுத்து எழுப்புவது. புள்ளி வைத்த நோட்டுகளில் இது அழகாக உட்காரும். எல்லா நீண்ட நோட்டிலும் போட்டுவிடக் கூடாது என்று ஜூலியோவே எச்சரிக்கிறார். "மரியா" என்று கூப்பிடும் இடங்களில் மட்டும் வைத்துக்கொண்டோம்.

இதையெல்லாம் பழகிக்கொண்டு பாட்டுக்குத் திரும்பி வந்து, எங்கெங்கே சேர்க்கலாம் என்று பார்த்தால், சேர்க்க இடமே இல்லை. முடிவுகளில் வர வேண்டிய க்ருப்போக்கள், ஓட்டங்கள், சொல்லுக்கு ஏற்ற சின்னச் சின்ன நெளிவுகள் எல்லாம் ஏற்கெனவே நோட்டாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் காலப் பாட்டு என்றால் வெறும் எலும்புக்கூடுதான் தாளில் இருக்கும், பாடுகிறவர் சதை சேர்க்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பல பாட்டுகளுக்கு அது உண்மையும்கூட. கச்சினி வீட்டில் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். ஜூலியோ 1614ல் வெளியிட்ட இரண்டாவது தொகுப்பின் தலைப்புப் பக்கமே, இந்தப் புதிய எழுதும் முறையில் பழகினால் இசையமைத்தவர் பாடிக் கேட்காமலேயே இந்தக் கலையின் நுணுக்கங்களை எல்லாம் கற்கலாம் என்கிறது. அதை அச்சிட்டதும் பிஞ்ஞோனி அச்சகம்தான். நான்கு வருடத்தில் அதே அச்சகத்திலிருந்து மகளின் புத்தகம் வருகிறது, அதே நம்பிக்கையை அசை அசையாக இன்னும் தூரம் எடுத்துச் செல்கிறது. அதே 1618 டிசம்பரில் அப்பா இறந்துபோகிறார்.

ஆகவே இந்தப் பாட்டுகளை அப்பாவின் நிழல் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாடம் ஒன்றுதான். ஆனால் அப்பாவின் பாட்டில் அலங்காரம் பெரும்பாலும் வரியின் முடிவில், பாடகரின் திறமையைக் காட்டும் இடத்தில் வருகிறது என்பது என் காதுக்குப் படுவது. மகளின் பாட்டில் அது சொல்லின் நடுவில், அந்தச் சொல்லுக்கு வேண்டியதாக வருகிறது. "கான்தோ"வின் ஓட்டத்தை எடுத்துவிட்டால் அந்த வரிக்கு அர்த்தமே குறைந்துவிடும்.

இதனால்தான் சில பதிவுகளில் நடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எழுதியிருப்பதன் மேல் இன்னும் ஓட்டங்களைக் கொட்டுகிறார்கள், மத்தளமும் மணியும் சேர்க்கிறார்கள், பாஸ் வரிக்கு நாலைந்து வாத்தியம் உட்கார்ந்து வாசிக்கிறது. பழைய இசையை இன்றைய காதுக்கு உயிரோட்டமாக்கும் நல்ல எண்ணம்தான். அந்தக் கூட்டத்தில் தொலைவது அவர் கவனமாகப் பொருத்திய அசை. வாத்தியம் எதுவென்று அவர் சொல்ல நினைத்த இடத்தில் சொல்லியும் இருக்கிறார். காதல் என்றால் என்ன என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் "கி தெஸியா தி சபேர்" என்ற கன்சொனெத்தாவுக்கு ஸ்பானியக் கிதார் என்று குறித்து, கார்டு எழுத்துகளையும் கொடுத்திருக்கிறார். அதைக் கிதாரில் மீட்டித் துள்ளலாகப் பாடினால் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். மரியா பாட்டுக்கு அந்த வேலை தேவையில்லை.

பதிவு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திரைச்சீலையும் பாயும் நிறைந்த ஒரு சாதாரண அறை, வாயிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரே மைக். எதிரொலி சேர்க்கவில்லை. இவை மாளிகையின் உள்ளறைகளில் சிலர் மட்டும் உட்கார்ந்து கேட்ட பாட்டுகள், தேவாலய எதிரொலியில் த்ரில்லோ கலங்கிப்போகும். கீபோர்டை முன்கூட்டியே பதிவு செய்து அதன்மேல் பாட வைக்கவும் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் செய்தால்தான் அந்தக் காத்திருப்பும் விட்டுக்கொடுப்பும் நடக்கும். முழுப் பாட்டையும் வெட்டாமல் எடுத்தோம்.

கேட்கும்போது எனக்கு மிகவும் பிடித்த இடம், "என் நாவால் முடியாது" என்று சொல்லிக்கொண்டே திரும்பவும் "மரியா" என்று முடியும் வரி. அங்கே அலங்காரம் ஏதும் இல்லாமல் குரல் வெறுமனே அந்தப் பெயரைச் சொன்னால் போதும் என்று தோழி முடிவு செய்தாள். எழுதியிருப்பதை எழுதியபடி பாடினாலே கேட்பவர் மனசு நிறைகிறது.

அடுத்து உலகியல் பகுதியிலிருந்து "லாஷாத்தெமி குயி சோலோ" என்ற புலம்பலை எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு கண்ணியும் "என்னைச் சாகவிடுங்கள்" என்ற அடிக்கு வந்து சேரும். பாஸ் ஏறக்குறைய அதுவேதான், குரல் மட்டும் கண்ணிக்குக் கண்ணி மாறுகிறது. ஒரே பாஸின் மேல் அதே சொற்களை அவர் எப்படியெல்லாம் வைக்கிறார் என்று ஒப்பிட எல்லாக் கண்ணிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். சுருதி மாற்றவில்லை, ஏ 415தான். இந்த முறை ஹார்ப்சிகார்டை விட்டுவிட்டு லூட் ஒலியில் வாசிக்கப் போகிறேன்.